காசு பெரிதா, இடம் பெரிதா?

1992 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள். இங்கிலாந்து நாட்டில், சஃபோக் மாவட்டத்தில், ஹாக்ஸன் என்னும் சிற்றூர். அங்கே விவசாயி ஒருவர் தம் வயலில் சுத்தியல் ஒன்றைத் தொலைத்துவிட்டார். தேடிப் பார்த்தார்; கிடைக்கவில்லை. எரிக் லாஸ் என்னும் நண்பரை உதவிக்கு அழைத்தார். லாஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர்; வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. உலோகம் காட்டும் கருவி ஒன்றைக் கையில் ஏந்தி வயல்வெளிகளில் நடப்பது அவருடைய பொழுதுபோக்கு. சுத்தியலைத் தேடிச் சென்ற அவருடைய கருவி ஓரிடத்தில் பலமாக ஒலித்தது. தோண்டினார். வெள்ளிக் கரண்டிகளும், பொற்காசுகளும், நகைகளும் தென்பட்டன!

சிறிதளவு வெளியே எடுத்ததும் லாஸ் தோண்டுவதை நிறுத்திவிட்டார். அவரும் அந்த விவசாயியும் அரசுக்குத் தகவல் கொடுத்தார்கள். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகளும், சுமார் 200 தங்க, வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. கி.பி. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ ஒரு செல்வக் குடும்பத்தினர் பெட்டியில் வைத்துப் புதைத்த செல்வம் அது. சட்டப்படி லாஸுக்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு வெகுமதி கிடைத்தது. அதை அவர் அந்த விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியல் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அதுவும் கிடைத்தது. இன்று அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கிறது!

மாணவ நண்பர்களே, இந்தக் கதையைக் கேட்டவுடன், "ஆகா, நமக்கும் அப்படி ஒரு புதையல் கிடைத்தால்!" என்றுதான் நம்மில் பலர் எண்ணுவோம். இங்கிலாந்திலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும், சிறுவர் முதல் முதியவர் வரை, ஆண்களும் பெண்களும் விடுமுறை நாள்களில் இந்தக் கருவியுடன் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களை இழுப்பது பணத்தாசையா? அப்படியானால் அவர்களுள் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் சலித்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏனெனில் அவர்களுக்கு நாள்தோறும் கிடைப்பவை ஆணிகள், புட்டி மூடிகள், துருப்பிடித்த கொக்கிகள், அலுமினியத் துண்டுகள் ஆகியவையே. இருந்தும் மழையிலும் குளிரிலும் நடக்கிறார்கள். இந்த இன்பத்தின் ஊற்று எது? அதைப் பற்றியும், அந்த இன்பத்திற்குள் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தைப் பற்றியும் என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

கருவி கேட்கும் கேள்வி

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். நீண்ட கோலின் அடியில் தட்டுப் போன்ற வளையம் ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பது செம்புக் கம்பிச்சுருள். அதன் வழியே விநாடிக்குச் சில ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. ஆகவே சுருளைச் சுற்றி ஓயாது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831 இல் மைக்கேல் பாரடே கண்டறிந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். மண்ணுக்குள் காசு ஒன்று கிடந்தால், அதன் உடலுக்குள்ளேயே நீர்ச்சுழல் போன்ற மின்னோட்டங்கள் எழுகின்றன. இவையே சுழல் மின்னோட்டங்கள். இவை தம் பங்குக்குச் சிறிய காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகின்றன. அந்தச் சிறிய புலத்தை மேலேயுள்ள சுருள் உணர்ந்து, காதில் ஒலியாகத் தருகிறது. சுருள் கேள்வி கேட்கிறது. காசு பதில் சொல்கிறது. அவ்வளவுதான்!

ஆனால் அந்தப் பதில் எவ்வளவு மெல்லிய குரலில் வருகிறது தெரியுமா? சுருளை விடத் தொலைவு அதிகமாகும்போது, சுருளின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவில் குறைகிறது. காசிலிருந்து திரும்பி வரும் புலமும் அவ்வாறே குறைகிறது. போகும்போது மும்மடி, வரும்போது மும்மடி. ஆக மொத்தம் ஆறாம் மடி. தொலைவு இரண்டு மடங்கானால் பதில் 64 இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு சாண் ஆழத்தில் தெளிவாகக் கேட்கும் சிறு காசு, இரண்டு சாண் ஆழத்தில் ஊமையாகிவிடுவது இதனால்தான். மலையடியில் புதைந்த பொற்குடத்தை மேலே நின்றபடியே காட்டும் கருவி இருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த ஆறாம் மடியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் வெள்ளியும் செம்பும் ஒருவிதமாகவும், இரும்பு வேறுவிதமாகவும் பதில் சொல்லும். பதில் வரும் காலத்தாமதத்தைக் கொண்டு கருவி இவற்றை ஓரளவு பிரித்தறியும். ஆனால் ஒரு பொன் மோதிரமும், குளிர்பானக் குவளையின் அலுமினிய வளையமும் பெரும்பாலும் ஒரே குரலில்தான் பேசும்! எத்தனை விலையுயர்ந்த கருவியானாலும் இவ்விடத்தில் தடுமாறும். தோண்டிப் பார்த்தாலன்றி விடை தெரியாது.

நான் காணும் இன்பத்தின் ஊற்று இங்கேதான் இருக்கிறது. ஒலி கேட்டவுடன் மனம் ஊகிக்கத் தொடங்குகிறது. "இது காசா? ஆணியா? எவ்வளவு ஆழம்?" ஊகித்ததைக் கை சோதிக்கிறது. சில நொடிகளில் விடை வந்துவிடுகிறது. ஊகம் தவறானால் அடுத்த முறை காது இன்னும் கூர்மையாகிறது. தூண்டில் போட்டவன் மிதப்பு அசையும்போது அடையும் பரபரப்பு இதில் உண்டு. அதோடு ஆய்வகத்தில் சோதனை செய்பவன் அடையும் நிறைவும் உண்டு. வினா, ஊகம், சோதனை, விடை என்னும் அறிவியலின் நான்கு படிகளையும் ஒரு பிற்பகலில் ஐம்பது முறை ஏறி இறங்குகிறான் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவன்.

கேட்ட இடத்தில்தான் பதில்

இந்தக் கருவியின் வரலாற்றில் ஒரு சோக நிகழ்ச்சி உண்டு. 1881 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், கம்பிச்சுருள்களும் தொலைபேசிக் காதுகுழாயும் கொண்ட உலோகம் காட்டும் கருவி ஒன்றை விரைந்து அமைத்துக் கொண்டுவந்தார். சோதனைகளில் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் கட்டிலில் இருந்த உலோகச் சுருள்கள் அதன் ஒலியைக் குழப்பியதாகக் கூறுவர். மேலும், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பிய தலைமை மருத்துவர் அப்பக்கத்தை மட்டுமே சோதிக்க இசைந்தார். குண்டோ இடப்பக்கத்தில் இருந்தது! செப்டம்பர் 19 ஆம் நாள் கார்ஃபீல்டு மறைந்தார். கருவி எவ்வளவு நல்லதாயினும், நாம் கேட்கும் இடத்தில்தான் அது பதில் சொல்லும். எங்கே கேட்பது என்பது மனிதனின் அறிவைப் பொறுத்தது.

இதனாலேயே இந்தப் பொழுதுபோக்கில் வயது தடையாவதில்லை. முதியவர்க்கு ஊரின் பழைய செய்திகள் தெரியும். எங்கே சந்தை கூடியது, எந்த வழியாக வண்டிகள் போயின என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். இளையவர்க்குக் காது கூர்மை, முழங்காலில் வலுவும் உண்டு! 2018 ஆம் ஆண்டு ஜெர்மனியின் ரூகன் தீவில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும், பொழுதுபோக்காகத் தொல்லியல் பயிலும் பெரியவர் ஒருவரும் ஒரு வயலில் தேடினார்கள். கிடைத்த சிறு துண்டை முதலில் பயனற்ற அலுமினியம் என்றே எண்ணினார்கள். துடைத்துப் பார்த்தபோது அது வெள்ளிக்காசு! அரசின் தொல்லியல் துறைக்குச் சொன்னார்கள். துறையினர் கேட்டுக்கொண்டபடி அகழாய்வு தொடங்கும் வரை அந்த இரகசியத்தைக் காத்தார்கள். பின்னர் நடந்த அகழாய்வில் அவர்களும் பங்கேற்றார்கள். ஏறத்தாழ 600 காசுகள் வெளிவந்தன. அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னன் காலத்தவை. 'நீலப்பல்' என்னும் பட்டப்பெயர் கொண்ட அந்த மன்னன் பெயரைத்தான் இன்று நம் கைபேசிகளில் உள்ள 'புளூடூத்' தாங்கி நிற்கிறது.

ஒரு பத்துப் பைசா

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் இரண்டு அலையியற்றிகளைக் கொண்டு எளிய கருவி ஒன்றை அமைத்தார்கள். ஒன்றின் அதிர்வெண் மாறாதது; மற்றொன்றில் தேடும் சுருள் இணைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து எழுப்பும் விம்மல் ஒலி காதில் கேட்கும். உலோகம் அருகே வந்தால் சுருளின் மின்தூண்டல் மாறும். ஒலியின் சுருதியும் மாறும். முதல்வரிடம் இசைவு பெற்று விளையாட்டுத் திடலில் ஒரு மாலைப்பொழுது தேடினோம். முப்பது ஆணிகள், புட்டி மூடிகள், ஒரு சாவி. கடைசியாக, மூன்று விரற்கடை ஆழத்தில், விளிம்பு வளைவு வளைவாக அமைந்த ஒரு பத்துப் பைசாக் காசு. அதில் 1978 என்று பொறித்திருந்தது.

மாணவர்கள் அப்படி ஒரு காசைக் கண்டதேயில்லை. "ஐயா, இதற்கு என்ன வாங்கலாம்?" என்று ஒருவன் கேட்டான். என் சிறுவயதில் பள்ளி வாசலில் அதைக் கொடுத்து வாங்கிய கமர்கட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவர்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். காசு ஏன் அலுமினியத்தில்? விளிம்பு ஏன் அப்படி? இது செல்லாமற்போனது எப்போது? (2011 ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் என்று மறுநாள் அவர்களே கண்டறிந்து வந்தார்கள்.) திடலின் கிழக்கு மூலையில் கிடந்ததே, அங்கு முன்பு என்ன இருந்தது? அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் காவலாளி விடை சொன்னார்: அங்கேதான் பழைய மிதிவண்டிக் கொட்டகை இருந்ததாம்! யாரோ ஒரு மாணவர் மிதிவண்டியை எடுக்கும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கலாம். கடையில் ஒரு காசும் பெறாத அந்த அலுமினிய வில்லை, எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் மகிழ்ச்சி தந்தது. அதே காசு வேறொருவர் மேசை அறையில் கிடந்திருந்தால் அந்தக் கதை பிறந்திருக்குமா? கதையைத் தந்தது காசு மட்டுமன்று. அது கிடந்த இடமும்தான்.

ஒரே ஆண்டில் இரு புதையல்கள்

இனி, நான் முதலில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். 2015 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு புதையல்கள் கண்டெடுக்கப்பட்டன. இரண்டும் கி.பி. 870களின் இறுதியை ஒட்டிப் புதைக்கப்பட்டவை. இரண்டிலும் வைக்கிங்குகள் காலத்து வெள்ளிக்காசுகள். இரண்டையும் கண்டவர்கள் பொழுதுபோக்காகத் தேடியவர்களே.

முதலாவது, லெம்ஸ்டர் என்னும் ஊரருகே ஜூன் மாதம் இருவர் கண்டது. சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். அவர்கள் சட்டப்படி அறிவிக்காமல் காசுகளைப் பங்கிட்டு மறைவாக விற்கத் தொடங்கினார்கள். 2019 இல் நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் காசுகளில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, வாட்லிங்டன் அருகே அக்டோபர் மாதம் ஜேம்ஸ் மேத்தர் என்பவர் கண்டது. காசுகள் தென்பட்டதும் அவர் மேற்கொண்டு தோண்டாமல் தொல்லியல் அலுவலருக்குத் தகவல் தந்தார். நிபுணர்கள் வந்து, அந்தப் புதையலை மண்ணோடு சேர்த்துக் கட்டியாகவே பெயர்த்து ஆய்வகத்திற்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். இன்று அது ஆக்ஸ்போர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் எல்லோரும் காணும்படி இருக்கிறது.

அந்தக் காசுகள் சொன்ன செய்தி என்ன? அக்காலத்தில் வெசெக்ஸை ஆண்டவர் ஆல்ஃபிரட். அண்டை நாடான மெர்சியாவை ஆண்டவர் செயோல்வுல்ஃப். பழைய ஆங்கில வரலாற்றுக் குறிப்பு, செயோல்வுல்ஃபை அறிவற்றவர் என்றும் வைக்கிங்குகளின் கைப்பாவை என்றும் இகழ்ந்து கூறுகிறது. ஆனால் காசுகளைப் பாருங்கள்: இரு மன்னர்களும் ஒரே வகை முத்திரையில் காசு அடித்திருக்கிறார்கள். இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் உருவம் அதில் இருக்கிறது! இருவரும் கூட்டாளிகளாக நடந்துகொண்டார்கள் என்பதற்கு இது வலுவான சான்று. வென்றவர் தரப்பு எழுதிய வரலாற்றை, ஓர் ஓய்வுநேரத் தேடுநர் கண்ட காசுகள் திருத்துகின்றன. மறைவாக விற்கப்பட்ட காசுகள் இன்னும் என்னென்ன சொல்லியிருக்குமோ! அவற்றின் வாயை விற்றவர்களே அடைத்துவிட்டார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: மண்ணிலிருந்து ஒரு பழம்பொருளை எடுத்துவிட்டு, எந்த இடம், எவ்வளவு ஆழம், உடன் என்ன இருந்தது என்பதைக் குறிக்காமல் விடுபவன், ஒரு நூலின் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்பவனுக்கு ஒப்பாவான். பக்கம் அவனிடம் இருக்கும். கதை யாரிடமும் இராது.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா?

"அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கையே தடை செய்துவிடலாமே" என்று சில தொல்லியலாளர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் இங்கிலாந்து வேறு வழியைத் தேர்ந்தது. 1996 இல் புதையல் சட்டம் இயற்றினார்கள். 1997 இல் பொதுமக்கள் கண்டெடுக்கும் பொருள்களைப் பதிவுசெய்யும் திட்டம் தொடங்கினார்கள். இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், கிடைத்த இடத்துடன் அதில் பதிவாகியுள்ளன. அங்குள்ள வயல்களில் கலப்பை ஏற்கனவே மேல்மண்ணைப் புரட்டிவிட்டது. அதில் கிடக்கும் காசு எடுக்கப்படாவிட்டால் நாளடைவில் அரித்து அழியும். ஆகவே அங்கே, பதிவோடு கூடிய தேடல் நன்மையே செய்கிறது என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டில் அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊர் மேடுகளில் பல, அடுக்குக் குலையாத பழைய குடியிருப்புகள். கீழடியை எண்ணிப் பாருங்கள். அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019 இல் தமிழக அரசின் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்த '353' என்னும் எண்ணைக் குறிக்காமல் யாராவது அந்தக் கரியை அள்ளி வீசியிருந்தால் அது வெறும் அடுப்புக் கரிதான்! அத்தகைய மேட்டில் ஆர்வக்கோளாறால் ஒரு குழி தோண்டினால், ஈராயிரம் ஆண்டு அடுக்கு ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். எந்த அறிவியலாலும் அதை மீண்டும் அடுக்க முடியாது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். என்ன பொருள், எந்த இடம், எந்த நாள் ஆகிய மூன்றையும் எழுதித் தரவேண்டும். பார்த்தீர்களா, ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய அந்தச் சட்டமும் இடத்தைக் கேட்கிறது! பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் எல்லைக்குள் தோண்டுவது குற்றமாகும்.

பிறகு உங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. ஆசிரியர் துணையுடன் ஒரு கருவியை அமைத்துப் பாருங்கள். ஒரு தொட்டி மணலில் நண்பன் ஒருவன் காசையும், ஆணியையும், அலுமினியத் துண்டையும் வெவ்வேறு ஆழங்களில் புதைக்கட்டும். நீங்கள் ஒலியைக் கேட்டு ஊகித்து எழுதிய பின் தோண்டிப் பாருங்கள். ஆழத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒலி எவ்வளவு விரைவாக மங்குகிறது என்று வரைபடம் வரையுங்கள். பள்ளித் திடலில் தோழி தொலைத்த கம்மலைத் தேடித் தாருங்கள். அவள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி எந்தப் புதையலுக்கும் குறைந்ததன்று. வயலிலோ வாய்க்காலிலோ பழங்காசோ பானை ஓடோ தானாகக் கண்ணில் பட்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள்.

எரிக் லாஸ் அன்று மேலும் ஒரு மணி நேரம் தோண்டியிருந்தால், எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவர் நிறுத்தினார். ஆகவேதான் பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டிகள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதைக்கூட இன்று நாம் அறிகிறோம். மண்வெட்டியை எடுப்பதற்கு ஆசை போதும். அதைக் கீழே வைப்பதற்கு அறிவு வேண்டும். கையில் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளாமல் எந்தத் தேடலுக்கும் புறப்படாதீர்கள்!